கதவைத் தட்டும் பெண் – கடிதம்

அன்புள்ள சார்,

நான் தரமணியில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வேளச்சேரியில் லேடீஸ் ஹாஸ்டல். சனிக்கிழமை ராத்திரி ரூமில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து லேப்டாப்பில் பேய்ப்படம் பார்ப்போம். இப்போது ஸ்லாஷர் படங்களில் வந்து நிற்கிறோம். முகமூடி, கத்தி, ஒவ்வொருவராகச் சாவது. ‘ஹாலோவீன்’ பார்த்து முடித்தபோது எனக்கு மனசு லேசானது போல இருந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அண்ணன் இதைத் தெரிந்துகொண்டு, “பொம்பளப் புள்ளைங்கள குத்திக் கொல்றத நீயே உக்காந்து ரசிக்கிறியே” என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை. ஷிஃப்ட் முடிந்து தரமணி ஸ்டேஷனில் பறக்கும் ரயிலுக்குத் தனியாக நிற்கும்போது வருகிற பயம் இந்தப் படங்களைப் பார்க்கும்போது வருவதில்லை. எனக்கு ஏதாவது கோளாறா?

ர., வேளச்சேரி

அன்புள்ள ர.,

கோளாறு எதுவும் இல்லை. ஆனால் அண்ணனின் கேள்வியை ஒதுக்கிவிடாதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. 1980-ல் ஜீன் சிஸ்கெல், ராஜர் ஈபர்ட் என்ற இரண்டு அமெரிக்க விமர்சகர்கள், பெண்களைத் துரத்திக் கொல்வதையே பிழைப்பாக வைத்திருந்த படங்களைக் கண்டிப்பதற்காகத் தங்கள் டிவி நிகழ்ச்சியில் ஒரு நாளை முழுசாக ஒதுக்கினார்கள். கேமரா கொலைகாரனின் கண்ணாகிவிடுகிறது, பார்க்கிறவனையும் கத்தி பிடிக்க வைக்கிறது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அன்று வந்த படங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது அப்படியே பொருந்தும். அவர்களே விதிவிலக்காகத் தூக்கிப்பிடித்த படம், நீங்கள் பார்த்த ‘ஹாலோவீன்’.

ஏன் என்று அதன் கடைசிப் பகுதியைப் பார்த்தால் தெரியும். தோழிகளின் பிணங்களைப் பார்த்துவிட்டு, கையில் வெட்டுக்காயத்தோடு கதாநாயகி லாரி (Laurie) தெருவில் ஓடிவருகிறாள். பக்கத்து வீட்டுக் கதவை இடித்துக் காப்பாற்றச் சொல்லிக் கத்துகிறாள். வாசல் விளக்கு எரிகிறது. உள்ளேயிருந்து யாரோ எட்டிப் பார்க்கிறார்கள். அப்புறம் விளக்கு அணைந்துவிடுகிறது. அவ்வளவுதான், அந்த வீட்டின் பங்கு முடிந்தது. அவள் எதிர்ப்பக்கம் ஓடி, தான் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கு வருகிறாள். சாவி தொலைந்துவிட்டது. மாடியில் தூங்கும் சின்னப் பையன் எழுந்து வந்து திறக்க வேண்டும். அவன் தூக்கக் கலக்கத்தில் மெதுவாக இறங்கி வருகிறான். தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து கொலைகாரனும் அவசரமில்லாமல் நடந்து வருகிறான்.

அந்த அணைந்த விளக்கை என்னால் மறக்க முடிந்ததில்லை. ரத்தத்தைவிட அதுதான் பயம். படத்தில் ரத்தமே ரொம்பக் குறைவு, இன்னொரு தடவை பார்த்தால் கவனிப்பீர்கள். உதவி கேட்டுத் தட்டினால் கதவு திறக்காது என்பது ஒரு பெண்ணுக்குப் புதிய செய்தியில்லை. அதை மழுப்பாமல் திரையில் காட்டி, அதற்குப் பிறகும் அவள் என்ன செய்தாள் என்றும் காட்டுகிறது படம். ஸ்வெட்டர் பின்னும் ஊசியால் குத்துகிறாள், துணி மாட்டும் ஹேங்கரின் கம்பியை நிமிர்த்திக் கண்ணில் குத்துகிறாள், கடைசியில் அவனுடைய கத்தியையே எடுக்கிறாள். கொலைகாரனைத் தேடி அலையும் டாக்டர் துப்பாக்கியோடு வந்து சேர்கிறார்தான். ஆனால் அதுவரை உயிரோடு இருந்தது அவளுடைய சாமர்த்தியம்.

தரமணி ஸ்டேஷன் பயத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அந்த ஸ்டேஷன்களை எனக்கும் தெரியும். அத்தனை பெரிய கட்டிடம், கீழ்த்தளத்தில் ஆளே இருக்காது, பாதி விளக்கு எரியாது. அங்கே நிற்கும்போது பயத்துக்கு ஒரு முகமும் கிடையாது, ஒரு முடிவும் கிடையாது. நாளைக்கும் நிற்க வேண்டும். படத்தில் அது ஒரு உருவமாக எதிரே வருகிறது, ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது, அதோடு நீங்கள் தோழிகளோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். மனசு லேசானதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். கடைசியில் மிஞ்சும் இந்தப் பெண்ணைப் பற்றி கேரல் குளோவர் என்ற பேராசிரியை 1992-ல் ஒரு புத்தகமே எழுதினார். ஆண் ரசிகர்கள்கூடக் கடைசியில் அவள் பக்கம்தான் நிற்கிறார்கள் என்பது அவருடைய வாதம்.

நம் ஊர் நிலவரமே வேறு. ‘ஹாலோவீன்’ வந்த அதே 1978-ல்தான் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வந்தது. ஸ்ரீதேவி அந்த வீட்டில் உண்மையைக் கண்டுபிடிக்கும் இடம் இன்றும் நடுங்க வைக்கிறது. ஆனால் கொலைகாரனுக்கு ஒரு ஃபிளாஷ்பேக் உண்டு. சின்ன வயதில் பெண்களால் பட்ட காயம். 1980-ல் பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’யிலும் ஒரு பால்யம் உண்டு, 2018-ல் வந்த ‘ராட்சசன்’ வரைக்கும் அது தொடர்கிறது. மூன்றும் நன்றாக எடுக்கப்பட்ட படங்கள், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த ஃபிளாஷ்பேக் எனக்கு உறுத்துகிறது. செத்த பெண்களுக்கு ஒரு பால்யமும் காட்டுவதில்லை, கொன்றவனுக்கு மட்டும் காட்டுகிறோம். ‘ஹாலோவீன்’ எடுத்த ஜான் கார்பென்டர் தன் கொலைகாரனுக்கு எந்தக் காரணமும் தரவில்லை. வெள்ளை முகமூடி, பின்னால் மூச்சுச் சத்தம், அவ்வளவுதான். அனுதாபம் மொத்தமும் பெண்களுக்கு மிஞ்சுகிறது. திரைக்கதையை அவரோடு சேர்ந்து எழுதி, படத்தைத் தயாரித்தவர் டெப்ரா ஹில் என்ற பெண். தோழிகள் பேசிக்கொள்ளும் வசனங்களில் பெரும்பகுதி அவருடையது. அண்ணனிடம் இதையும் சொல்லுங்கள்.

ரசிகர்கள் இந்தப் படங்களின் மேல் வைத்திருக்கும் பாசத்துக்கு இன்னொரு காரணம், அவை எடுக்கப்பட்ட விதம். சுமார் 3 லட்சம் டாலரில் முடித்த படம் ‘ஹாலோவீன்’. கடையில் வாங்கிய, ‘ஸ்டார் ட்ரெக்’ டிவி தொடரில் வரும் கேப்டன் கிர்க் முகமூடிக்கு வெள்ளை அடித்ததுதான் அந்த முகம். கலிஃபோர்னியாவின் வசந்த காலத்தில் இலையுதிர் காலம் வேண்டும் என்பதற்காக இலைகளுக்குச் சாயம் பூசித் தெருவில் கொட்டி, ஷாட் முடிந்ததும் அள்ளி அடுத்த தெருவில் கொட்டியிருக்கிறார்கள். இசையும் கார்பென்டரே. கையில் காசில்லாமல் சினிமா எடுக்க ஆசைப்படும் எவருக்கும் இதைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும்.

ஒரு வேண்டுகோள். இன்னொரு முறை பார்க்கும்போது லேப்டாப்பை டிவியோடு இணைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். திருவல்லிக்கேணி மேன்ஷனில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து நாங்கள் பார்த்த கேசட்டில் படத்தின் இரண்டு ஓரமும் வெட்டப்பட்டிருந்தது. அகலத்திரையை முழுசாகப் பார்த்த பிறகுதான் எனக்குப் படமே பிடிபட்டது. லாரி அழுதுகொண்டு சுவரில் சாய்ந்து நிற்கிறாள். பக்கத்தில் ஒரு அறையின் கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே கும்மிருட்டு. அந்த இருட்டுக்குள் வெள்ளையாக ஏதோ மெல்ல மெல்லத் தெளிகிறது. இசை அலறுவதற்கு முன்னால் அதை நாமே பார்த்துவிடுகிறோம். “ஏய், பின்னாடி!” என்று வாய்விட்டுக் கத்தாதவர்கள் குறைவு.

பின்னால் வந்த நகல்களில் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. சாவை எண்ணிக் காட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாத படங்கள் நிறைய. அலுத்தால் தயங்காமல் நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் எல்லோரும் சேர்ந்து பார்க்க ஒன்று சொல்கிறேன். 1974-ல் கனடாவில் பாப் கிளார்க் எடுத்த ‘பிளாக் கிறிஸ்துமஸ்’. கல்லூரிப் பெண்கள் தங்கும் ஒரு வீடு, விடுமுறைக்கு முந்தைய நாட்கள், ஆபாசமாகப் பேசும் ஒரு போன் குரல். அந்தப் பெண்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் சொல்லும்போது மேஜையில் இருப்பவர் அதை எப்படிக் கேட்கிறார் என்று பாருங்கள். கொலைக் காட்சிகளைவிட எனக்கு அங்கேதான் வயிறு கலங்கியது. முடிவை யாரிடமும் கேட்காமல் பாருங்கள். முடிந்தால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அண்ணனையும் உட்கார வைத்துப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.