உடல் தானப் பதிவுகளுக்கான பழைய மென்பொருளை மாற்றப் போகிறோம், எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் உடற்கூறியல் துறையிலும் பாதிப் பதிவு பழைய எக்செல் கோப்பில், மீதி இரும்பு அலமாரியில் என்றுதான் இருக்கும். மாற்றும் பொறுப்பை உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள். எந்தக் கம்பெனி நல்லது என்று நான் சொல்லப் போவதில்லை. எங்கே அடி விழும் என்று மட்டும் சொல்கிறேன்.

எங்களுக்கு ஆஸ்பத்திரி மென்பொருளையே கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார்கள். அதில் உடல் தந்தவர் 'நோயாளி'. டிஸ்சார்ஜ் தேதி போடாமல் பக்கம் சேமிக்காது, அதனால் ஆளாளுக்கு ஏதோ ஒரு தேதியைப் போட்டார்கள். இறப்பு விவரம் ஓரிடத்தில், கடிதம் அனுப்பும் பட்டியல் வேறிடத்தில், இரண்டுக்கும் தொடர்பே இல்லை. கடைசியில், 'உங்கள் முகவரி மாறியிருந்தால் தெரிவிக்கவும்' என்ற வழக்கமான கடிதம், ஏற்கெனவே எங்களிடம் வந்துவிட்ட ஒருவர் பெயருக்கே போனது. அவர் மனைவி போன் செய்தார். திட்டவில்லை. "அவர் அங்கேதான் இருக்கார்னு உங்களுக்கே தெரியாதா?" என்றார். போனை வைத்ததும் நேரே போய் அவருடைய அடையாள வில்லையைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அதனால், ஒப்புதல் படிவத்தில் விழும் எண்ணே இறப்பு, பதப்படுத்தல், வகுப்பு, தகனம், சாம்பல் ஒப்படைப்பு வரை கூட வர வேண்டும். தனியாக எடுக்கும் மூளைக்கும் கைக்கும் அதே எண்ணின் கீழ் கிளைப் பதிவு வேண்டும், இல்லையென்றால் எல்லாம் சேர்ந்துதான் தகனத்துக்குப் போயிற்று என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. "திருடுகிறவனை மென்பொருளா தடுக்கும்?" என்று கேட்பீர்கள். தடுக்காதுதான். ஆனால் 2023-ல் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரிப் பிணவறை மேலாளர் மீது உறுப்புகளைத் திருடி விற்றதாக வழக்கு வந்ததைப் பார்த்த பிறகும், யார் எதை எப்போது எடுத்தார் என்ற பதிவு தேவையில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பழைய தரவை ஏற்றும்போது ஒப்புதல் பகுதியை மட்டும் மனிதக் கண்ணால் பாருங்கள். 'படம் எடுக்கலாமா', 'எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்' போன்ற கேள்விகள் பழைய படிவத்தில் இல்லாமல் இருக்கலாம். அந்தக் காலியிடத்தைப் புதிய மென்பொருள் தானாக 'ஆம்' ஆக்கினால், இறந்தவர் சொல்லாததைச் சொன்னதாக நாம் எழுதிவிட்டோம் என்று அர்த்தம். படிவத்தை ஸ்கேன் செய்து, எந்த ஆண்டுப் படிவம் என்பதையும் சேர்த்து வையுங்கள்.

அப்புறம் ராத்திரி வரும் போன். பதிவு செய்த எல்லாரையும் ஏற்க முடியாது. தொற்று நோய், பிரேதப் பரிசோதனை என்று மறுக்கக் காரணங்கள் உண்டு. அழுதுகொண்டிருக்கும் மகனைக் காத்திருக்க வைத்துவிட்டு ஏழு பக்கம் திறந்து தேட முடியாது. கேட்க வேண்டியது முழுக்க ஒரே திரையில் இருக்கட்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தேர்வுக் குழுவில் பேராசிரியர்கள், கணக்குப் பிரிவு, கணினிப் பிரிவு எல்லாரும் இருந்தார்கள், பதப்படுத்தும் ஊழியர் ஒருவர்கூட இல்லை. உடலைக் கையால் தொடுவது அவர்கள்தானே? அவர்களைக் கேட்டிருந்தால், ஆல்கஹால் கலந்த பதப்படுத்தும் திரவம் பட்டால் காகித பார்கோடில் மை நிற்காது என்று முதல் நாளே சொல்லியிருப்பார்கள். இப்போது எண் பொறித்த உலோக வில்லைதான் கட்டுகிறோம்.