பி.ஏ.வை விட்டு நர்சிங் போகலாமா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்கு ஊர் குலசேகரம் பக்கம். நாகர்கோவிலில் பி.ஏ. ஆங்கிலம் முதல் வருஷம் முடியப்போகிறது. பிளஸ் டூவில் உயிரியல் எடுத்த குரூப்தான், 600க்கு 468. அப்போதே நர்சிங் ஆசை இருந்தது. விண்ணப்பம் போடும் நேரத்தில் அம்மாவுக்கு ஆபரேஷன், அந்தப் பதற்றத்தில் தேதி போய்விட்டது. கிடைத்த சீட்டில் சேர்ந்தேன். பாடம் பிடிக்காமல் இல்லை, ஆனால் வகுப்பில் உட்கார்ந்தால் மனசு வேறெங்கோ இருக்கிறது.

அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டும் வேலை. தம்பி பத்தாம் வகுப்பு. மார்த்தாண்டத்தில் ஒருவர், பெங்களூரில் பி.எஸ்சி. நர்சிங் சீட் இருக்கிறது, முதல் வருஷம் 60 ஆயிரம் கட்டினால் போதும், மீதிக்கு லோன் நாங்களே எடுத்துத் தருவோம் என்கிறார். ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் முன்பணம் 10 ஆயிரத்தையும் இந்த வாரமே கொண்டுவரச் சொல்கிறார். தெரிந்த ஒரு அக்கா நர்சிங் முடித்து அயர்லாந்தில் இருக்கிறார். ஒரு வருஷத்தை வீணாக்காதே என்று தோழிகள் சொல்கிறார்கள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் ஒன்று, அந்த ஆளிடம் சர்டிபிகேட்டைக் கொடுக்காதே. மற்றதை எல்லாம் மெதுவாகப் பேசலாம், இது மட்டும் இன்றைக்கே.

என் சித்தி மகள் ஒருத்தி இப்படித்தான் ஒரு ஏஜெண்டை நம்பி வெளிமாநிலத்துக்குப் போனாள். பீஸ் குறைவு என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். போன பிறகு ஹாஸ்டல், யூனிஃபார்ம், ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போகிற பஸ், பரீட்சைக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வந்தது, எதற்கும் ஒழுங்கான ரசீது இல்லை. இரண்டாம் வருஷம் சித்தப்பா கையை விரித்துவிட்டார், இவளும் திரும்பி வருகிறேன் என்றாள். மீதி இரண்டு வருஷப் பணத்தையும் கட்டினால்தான் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையே தருவோம் என்றது கல்லூரி. சித்தி தாலிச்செயினை அடகு வைத்து மீட்டுக்கொண்டு வந்த அந்தக் கவரை நான் பார்த்திருக்கிறேன், பழுப்புக் கவர், மேலே இவள் பெயரும் பாக்கித் தொகையும் சிவப்பு மையில். அன்றிலிருந்து யார் என்னிடம் படிப்புச் செலவைப் பற்றிக் கேட்டாலும், பீஸ் எவ்வளவு என்பதைவிட சர்டிபிகேட் யார் கையில் இருக்கும் என்றுதான் நான் முதலில் கேட்பேன். ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018லேயே உத்தரவு போட்டிருக்கிறது. உன் இப்போதைய கல்லூரியில் ஏதாவது கொடுத்து வைத்திருந்தால் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

சரி, ஒரு வருஷம் வீண் என்கிற பேச்சு. நம் ஊரில் பி.ஏ.விலிருந்து நர்சிங்குக்கு அப்படியே மாறிக்கொள்ள வழி கிடையாது, முதல் வருஷத்திலிருந்துதான் தொடங்கவேண்டும். அதனால் காலண்டர் கணக்கில் ஒரு வருஷம் போகத்தான் செய்யும். ஆனால் பிடிக்காத படிப்பை இன்னும் இரண்டு வருஷம் இழுத்து முடித்துவிட்டு அப்புறம் நர்சிங் போகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு மூன்று வருஷம் போகிறது. தோழிகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

இன்னொன்று, உன் பி.ஏ. மார்க்கை யாரும் கேட்கப்போவதில்லை. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங்குக்கு பிளஸ் டூ இயற்பியல், வேதியியல், உயிரியல் மார்க்தான், நீட் வேண்டாம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு ஆன்லைனில் விண்ணப்பம் வாங்கும். போன வருஷம் தேதி தவறியது போல இந்த வருஷமும் தவறாமல், ரிசல்ட் அன்றிலிருந்து தினமும் ஒரு தடவை அவர்கள் வெப்சைட்டைத் திறந்து பார். சென்னை, மதுரை, சேலம் மாதிரி ஊர்களில் உள்ள அரசுக் கல்லூரிகளில்தான் செலவு மிகக் குறைவு, அதனாலேயே போட்டி அதிகம். உன் 468ஐ வைத்து அது கஷ்டம், பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஆனால் தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு, கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. அந்தக் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் கொடுக்கும்போது வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் இருக்கிற கல்லூரிகளை மேலே போடு. ஹாஸ்டல் பணம் மிச்சமாவது பெரிய விஷயம், அது தவிர மரச்சீனியும் மீன்கறியும் வீட்டில் கிடைக்கும்.

ஒதுக்கீட்டு ஆணை கையில் வரும்வரை பி.ஏ.வை விடாதே. டிசி வாங்குவது கடைசி வேலை.

டிப்ளமா, அதாவது ஜி.என்.எம்., மூன்று வருஷம். கேவலமாக நினைக்காதே, அதை முடித்துவிட்டு வேலை பார்த்துச் சம்பாதித்து, பிறகு இரண்டு வருஷம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்து டிகிரி வாங்கினவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ பேர். ஆனால் ஆறு மாசம், ஒரு வருஷத்தில் நர்சிங் என்று பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் ஒட்டுகிறார்களே, அந்தப் பக்கம் போகவே வேண்டாம். அதைப் படித்தால் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது, பதிவு இல்லாதவள் சட்டப்படி நர்ஸ் இல்லை. நம் மாநிலத்தில் எந்தக் கல்லூரியானாலும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் அங்கீகாரமும், டிகிரியானால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கிறதா என்று நீயே பார், அவர்கள் நீட்டுகிற நோட்டீஸைப் பார்க்காதே.

லோன் ஏஜெண்ட் எடுத்துத் தருவது அல்ல, நீயும் அப்பாவும் உங்கள் ஊர் பேங்குக்குப் போய்க் கேட்பது. கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது, திருப்பிக் கட்டுவது படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான். அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்து மாசம் 1000 ரூபாய் டிப்ளமாவுக்கும் டிகிரிக்கும் உண்டு, பஸ் செலவுக்கு ஆகும். முழுக்க இலவசமாக வேண்டுமானால் ராணுவ நர்சிங் இருக்கிறது, பெண்களுக்கு மட்டும், அதற்கு நீட் எழுதவேண்டும், பிறகு ராணுவத்தில் வேலை செய்வதாக எழுதிக் கொடுக்கவும் வேண்டும்.

இப்போது அயர்லாந்து. போகட்டும், பணத்துக்காக நர்சிங் படிப்பது குற்றம் என்று நான் சொல்லமாட்டேன், பணத்துக்காக இன்ஜினியரிங் படித்தவனிடம் யாரும் சேவை மனப்பான்மை இருக்கிறதா என்று கேட்டதில்லை. ஆனால் ஃபிளைட் ஏறுவதற்கு முன் நான்கு வருஷம் வார்டு இருக்கிறது. இங்கேயே தங்கினால் சம்பளம் எப்படி என்பதையும் தெரிந்துகொள், அரசு ஆஸ்பத்திரிகளிலேயே தொகுப்பூதியத்தில் சேர்ந்த நர்ஸுகள் பணிநிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்த மாநிலம் இது.

என் அப்பா பக்கவாதம் வந்து ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது காலை ஆறு மணிக்கு ஒரு ஸ்டூடண்ட் பிள்ளை வரும். உன் வயசுதான் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்று எனக்குச் சொல்லித்தந்தது அவள்தான். முதல் நாள் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து வாட்சைப் பார்த்து எண்ணினாள், முழுசாக ஒரு நிமிஷம், உதடு மட்டும் அசைந்தது. எண்ணி முடித்ததும் சந்தேகம் வந்து மறுபடியும் முதலிலிருந்து. அப்புறம் நனைந்த விரிப்பை எடுத்தாள், அப்பாவைத் தூக்காமலே ஒரு பக்கம் சாய்த்து, பழையதைச் சுருட்டி, புதியதை விரித்து, மூலையை மடித்து மெத்தைக்கடியில் செருகினாள். நாற்றம் எனக்கே தாங்கவில்லை, அவள் மூக்கைச் சுளிக்கவில்லை என்று சொன்னால் அது கதை, சுளித்தாள், ஆனால் அப்பா பார்க்காத பக்கம் திரும்பிக்கொண்டு. அம்மாவின் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தாய் அல்லவா, அந்த நாட்களை நினைத்துப் பார். அங்கே நின்று வேலை பார்க்கத் தோன்றியதா, ஓடிப்போகத் தோன்றியதா? அதற்குப் பதில் உனக்குத்தான் தெரியும்.

நெய்யூர் ஆஸ்பத்திரி என்றால் எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர் சோமர்வெல்லைப் பற்றி நம் ஊரில் இன்றும் சொல்வார்கள். அவர் கத்தி வைத்தவர்களுக்கு ராத்திரி முழுக்க விழித்திருந்து தண்ணீர் கொடுத்த பெண்களில் ஒருத்தியின் பெயரைக்கூட யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த வேலைக்குத்தான் நீ ஆசைப்படுகிறாய், தெரிந்துகொண்டு போ.

பி.ஏ. ஆங்கிலம் படித்த வருஷமும் முழுக்கப் போய்விடாது. வெளிநாட்டு வேலைக்கு நர்ஸுகள் எழுதுகிற ஓ.இ.டி. என்கிற ஆங்கிலத் தேர்வில், நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கோ டாக்டருக்கோ கடிதம் எழுதச் சொல்வார்கள். நன்றாக வேலை தெரிந்த பிள்ளைகள் கூட அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். நீ எனக்கு எழுதிய கடிதம் தெளிவாக இருந்தது, தேவையானது எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர: லோனுக்கு யார் கையெழுத்துப் போடுவது? அப்பாதானே.

காலையில் மூன்று மணிக்கு எழுந்து நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போகிற மனுஷனிடம் வேலை முடிந்து வந்த களைப்பில் சொல்லாதே. மழை பிடித்து வெட்டு இல்லாத ஒரு நாள் வரும், திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அன்றைக்குச் சொல், செலவுக் கணக்கு எழுதின தாளையும் கையில் வைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா