ஸ்ப்ரே செய்த ஜெல்கோட்டில் சுருக்கமும் ஊசித்துளையும் ஏன் வருகின்றன?

ஃபைபர்கிளாஸ் பாகத்தின் வெளிப்பூச்சாக மோல்டில் (அச்சில்) முதலில் அடிப்பதுதான் ஜெல்கோட். மோல்டிலிருந்து பாகத்தை எடுத்தால் ஆழமான மூலைகளில் முதலைத்தோல் மாதிரி சுருக்கம், தட்டையான பரப்பில் ஊசித்துளை. இறுகவைக்கக் கலக்கும் கேட்டலிஸ்ட்டைக் கூட்டியும் போகவில்லை என்கிறீர்கள். கேட்டலிஸ்ட்டில் இனி கை வைக்காதீர்கள். இரண்டு குறைக்கும் காரணம் வேறு வேறு.

சுருக்கத்தை முதலில் பார்ப்போம். ஜெல்கோட் போதுமான அளவு இறுகாமல் இருக்கும்போது அதன்மேல் கண்ணாடி இழை மேட்டும் ரெசினும் வைத்தால் (இதுதான் லேமினேஷன்), ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் என்ற கரைப்பான் ஜெல்கோட்டுக்குள் ஊறும். படலம் உப்பிச் சுருங்கிவிடும். மெல்லிசாக அடித்த இடம்தான் முதலில் மாட்டும். வினையில் கிளம்பும் சூடு அங்கே தங்காது, இறுகவும் தாமதமாகும். பற்கள் வெட்டிய ஈரப்படல கேஜை வைத்து அடிக்கும்போதே அளந்துகொள்ளுங்கள். பொதுவாக 0.4 முதல் 0.6 மி.மீ. வரை இருக்க வேண்டும்.

மூலையில் மட்டும் வருவதால் இன்னொன்றையும் சந்தேகப்படுகிறேன். ஸ்டைரீன் ஆவி காற்றைவிடக் கனம். ஆழமான மோல்டின் அடியில் தேங்கி நின்று, அங்கே ஜெல்கோட்டை இறுகவிடாது. விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு லேமினேஷன் ஆரம்பித்தால், அடியில் இன்னும் பச்சையாகவே இருக்கும். மெதுவாகக் காற்று ஓடவிடுங்கள், முடிந்தால் மோல்டைச் சாய்த்து வையுங்கள். தொட்டுப் பார்ப்பதையும் அந்த அடி மூலையிலேயே செய்யுங்கள்: கையுறை விரலில் பிசுபிசுப்பு தெரிய வேண்டும், நிறம் ஒட்டக்கூடாது.

ஊசித்துளை என்பது பெரும்பாலும் வெளியேற முடியாமல் சிக்கிய காற்று. ஸ்ப்ரே கன்னைக் கிட்டே பிடித்து ஒரே அடியாகக் கனமாக அடித்தால் நிச்சயம் வரும். இரண்டு மூன்று மெல்லிய சுற்றாக அடியுங்கள். இளக்குவதற்கு அசிட்டோன் ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள், அதுவும் துளையாகத்தான் முடியும்.

துளைகள் வட்டமாக, விலகி ஓடியதுபோல் இருந்தால் அது மீன்கண்; எண்ணெய், தண்ணீர், சிலிக்கான் என ஏதோ கலந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி, நன்றாகத் துடைத்த கண்ணாடித் தகட்டின் மேல் அதே கன்னால் அடித்துப் பார்ப்பது. கண்ணாடியிலும் மீன்கண் வந்தால் கோளாறு கம்ப்ரஸர் லைனிலோ ஜெல்கோட்டிலோ இருக்கிறது. வராவிட்டால் மோல்டில் பூசிய வேக்ஸைப் பாருங்கள். தகட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தால் காற்றுக் குமிழ்கள்கூடத் தெரியும்.

எம்.இ.கே.பி. (மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு) கேட்டலிஸ்ட்டின் அளவு பெரும்பாலான பாலியெஸ்டர் ஜெல்கோட்டுக்கு 1.2 முதல் 2.5 சதவீதத்துக்குள் இருக்கும். டேட்டா ஷீட்டில் போட்டிருப்பதே இறுதி. கூட்டினால் சீக்கிரம் கெட்டியாவதுபோல் தெரியும், ஆனால் படலம் மோல்டிலிருந்து முன்கூட்டியே விட்டுக்கொள்ளும், பின்னாளில் கொப்புளமும் வரலாம். குளிராக இருந்தால் அறையையும் மோல்டையும் ஜெல்கோட் டிரம்மையும் 20 டிகிரிக்கு மேல் கொண்டுவந்துவிட்டு அடியுங்கள். எம்.இ.கே.பி. கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், எனவே பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அளக்காதீர்கள்.

ஏற்கெனவே வந்த துளைகளைக் கூரிய முனையால் அகலப்படுத்தி, கேட்டலிஸ்ட் கலந்த அதே ஜெல்கோட்டை நிரப்பி, மேலே பாலியெஸ்டர் ஃபிலிம் ஒட்டி மூடுங்கள். காற்று பட்டால் மேற்பரப்பு முழுதாக இறுகாது. இறுகிய பின் தண்ணீர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால்) தேய்த்து பாலிஷ் போடலாம்.