கர்ப்பப்பைக்குள்தானே வைத்தார்கள், டியூபுக்கு எப்படிப் போகும்?

கேள்வி: எனக்கு வயது 34. நீடாமங்கலம் பக்கத்தில் கிராமம். மூன்று வருடத்துக்கு முன் வயிற்றைத் திறந்து, கர்ப்பப்பைச் சுவரில் இருந்த பெரிய ஃபைப்ராய்டு கட்டியை எடுத்தார்கள். அப்புறம் எடுத்த டியூப் (கருக்குழாய்) டெஸ்டில் இடது பக்கம் அடைப்பு, வலது பக்கம் மருந்து மெதுவாகத்தான் போகிறது என்று வந்தது. திருச்சியில் ஐ.வி.எஃப். (சோதனைக் குழாய் முறை) செய்து, உறைய வைத்திருந்த ஐந்தாம் நாள் கருக்கள் இரண்டை வைத்தார்கள். மறுநாளே பஸ்ஸில் ஊருக்கு வந்துவிட்டேன். பதினான்காம் நாள் ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் அளவு (பீட்டா எச்.சி.ஜி.) 640, இரண்டு நாள் கழித்து 1180. ஸ்கேனுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. இதே சிகிச்சை எடுத்த என் நாத்தனாருக்கு டியூபில் கரு தங்கி ஆபரேஷன் வரை போய்விட்டது. கர்ப்பப்பையில் கத்தி பட்ட எனக்கும் அப்படி ஆகுமா? பஸ் குலுங்கியதால் கரு நகர்ந்திருக்குமா? திருக்கருகாவூரில் வாங்கிய எண்ணெயை வயிற்றில் தடவலாமா?

பதில்: முதலில் பஸ்ஸை விட்டுவிடுவோம். பஸ் குலுக்கலுக்கும் கரு டியூபுக்குப் போவதற்கும் சம்பந்தம் இல்லை. கரு வைத்த பிறகு படுத்த படுக்கையாக இருந்தாலும் பலன் கூடுவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. வீட்டில் உங்களைக் கட்டிலை விட்டு இறங்க விடாமல் வைத்திருந்தால் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

உங்கள் பயம் முழுக்க ஃபைப்ராய்டு ஆபரேஷன் மேல் இருக்கிறது. என் கண் போவதோ அந்த டியூப் டெஸ்ட் ரிப்போர்ட் மேல்.

கருவை மெல்லிய குழாய் வழியாகக் கர்ப்பப்பைக்குள் விடுகிறார்கள், அவ்வளவுதான். அது ஒட்டிப் பதிய ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை உள்ளே மிதந்துகொண்டுதான் இருக்கும். நாற்றங்காலில் தண்ணீர் கூட நின்றால் தெளித்த விதை ஓரத்துக்கு ஒதுங்குமே, அந்த மாதிரி. கர்ப்பப்பைத் தசை தானாகவே லேசாகச் சுருங்கி விரியும். அதில் கரு டியூபின் வாய் வரை போகலாம். நல்ல டியூப் என்றால் உள்ளிருக்கும் நுண்ணிய மயிரிழைகள் அதைத் திரும்பக் கர்ப்பப்பைக்குத் தள்ளிவிடும். பழைய தொற்று, காசநோய், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), ஆபரேஷனுக்குப் பின் வரும் ஒட்டுதல் எதனாலாவது டியூப் கெட்டிருந்தால் அந்த வேலை நடக்காது. போன கரு அங்கேயே தங்கிவிடும். ஐ.வி.எஃப். முறையில் உலகத்தில் முதலில் உண்டான கர்ப்பங்களில் ஒன்று, 1976-இல் இங்கிலாந்தில், டியூபில்தான் தங்கியது. முதல் குழந்தை பிறந்தது அதற்குப் பிறகு, 1978-இல். ஆக, இது உங்களுக்கோ உங்கள் நாத்தனாருக்கோ வந்த தனிச் சாபம் இல்லை.

எவ்வளவு ஆபத்து? இயல்பாகத் தரிக்கும் கர்ப்பங்களில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ இடம் மாறித் தங்கும். ஐ.வி.எஃப். கர்ப்பத்தில் இரண்டு முதல் ஐந்து வரை என்று சொல்வார்கள். உறைய வைத்த, ஐந்தாம் நாள் கரு என்பது உங்களுக்குச் சாதகம். அதில் இந்த அளவு குறைகிறது. டியூப் கோளாறும், இரண்டு கரு வைத்ததும் பாதகம். எப்படிக் கூட்டிக் கழித்தாலும், கரு சரியான இடத்தில் இருக்கத்தான் வாய்ப்பு மிக அதிகம்.

ஃபைப்ராய்டு தழும்பு? அந்த வடுவுக்குள்ளேயே கரு புதைந்து வளர்வது உண்டு. ஆனால் மிக அபூர்வம். சிசேரியன் தழும்பில் தங்குவதுதான் அதைவிட அடிக்கடி பார்ப்பது. உங்களுக்கு அது இல்லை. கட்டி எடுத்த இடத்தைச் சுற்றி ஒட்டுதல் உண்டாகி டியூபை இழுத்துப் பிடித்திருக்கலாம். அந்த வழியில் மட்டும் ஆபரேஷனுக்கு இதில் பங்கு இருக்கக்கூடும்.

அடுத்து ரத்த அளவு. 640 இரண்டு நாளில் 1180 ஆனது நல்ல ஏற்றம். இந்த நிலையில் 48 மணி நேரத்தில் பாதியளவாவது கூட வேண்டும். உங்களுக்கு அதைவிட நன்றாகவே கூடியிருக்கிறது. ஆனாலும் இதை வைத்து நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். டியூபில் தங்கும் கர்ப்பங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இதே மாதிரி அழகாகத்தான் ஏறும். கரு எந்த இடத்தில் இருக்கிறது என்று ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். உங்கள் ஸ்கேன் ஆறு வாரம் முடிந்தவுடன் வருகிறது, சரியான நேரம். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பது போதாது, உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேன் வேண்டும். கர்ப்பப்பைக்குள் வெறும் பை மட்டும் தெரிந்தால் போதாது. அதற்குள் யோக் சாக் (கருவோடு சேர்ந்த சிறு மஞ்சள் கருப்பை) அல்லது கரு தெரிய வேண்டும். இரண்டு கரு வைத்தவர் என்பதால் ஒன்று உள்ளேயும் இன்னொன்று டியூபிலும் தங்குவது அபூர்வமாக நடக்கும். இயல்பான கர்ப்பத்தில் முப்பதாயிரத்தில் ஒன்று என்பது, ஐ.வி.எஃப்.பில் அதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் உள்ளே ஒன்றைப் பார்த்த சந்தோஷத்தில் ஸ்கேனை முடித்துவிடாமல், இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

இனி இந்தப் பத்து நாள். நம் பக்கத்தில் வயிறு வலித்தால் சூடு என்போம், வாயு என்போம், ஓமத்தண்ணீர் குடித்துப் படுத்துக்கொள்வோம். கர்ப்பம் நிலைக்கக் கொடுக்கும் புரோஜெஸ்டிரோன் மருந்து போடுகிறவர்களுக்கு வயிறு உப்புவதும் லேசான இழுப்பும் சகஜம்தான், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். ஒரே பக்கமாகக் குத்தி நிலைத்திருக்கும் வலி, பழுப்பாகவோ சிவப்பாகவோ படுவது இரண்டுக்கும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ரத்தம் படவில்லையே என்று வலியைத் தள்ளிப்போட வேண்டாம். திடீர்க் கடும் வலி, கண் இருட்டுவது, மயக்கம், மலம் வருவது போன்ற முக்கல், தோள்பட்டை நுனியில் வலி என்றால் நிமிஷம்கூடத் தாமதிக்கக்கூடாது. வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்தும்போது வலி தோளில்தான் தெரியும். தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு வருகிறவர்களும் உண்டு.

அப்போது திருச்சிக்குக் கிளம்பக்கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். ஆபரேஷன் வசதியும் ரத்தமும் உள்ள இடம்தான் முக்கியம்: மன்னார்குடி அரசு மருத்துவமனை, திருவாரூர் மருத்துவக் கல்லூரி, தஞ்சாவூர் ராசா மிராசுதார் அரசு மருத்துவமனை என்று உங்களைச் சுற்றி இருக்கின்றன. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கே இருக்கும். ராத்திரியில் எந்த வழி, யார் வண்டி என்று இன்றைக்கே வீட்டில் பேசி வையுங்கள். போனதும் டியூட்டி டாக்டரிடம், “ஐ.வி.எஃப். கர்ப்பம், எந்த இடத்தில் இருக்கிறது என்று இன்னும் ஸ்கேனில் பார்க்கவில்லை” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வழியில் எதுவும் சாப்பிட வேண்டாம். ரத்த வகை எழுதிய சீட்டு கையில் இருக்கட்டும். நெகட்டிவ் வகை என்றால், அடுத்த கர்ப்பத்தில் ரத்த வகை மோதல் வராமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி பற்றிக் கேட்க வேண்டும்.

ஒருவேளை டியூபில்தான் என்று வந்தாலும், வெடிக்கும் முன் தெரிந்தால் கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்சேட் ஊசியிலேயே பலருக்குச் சரியாகிறது. அந்த ஊசி போட்டால் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்த வேண்டும், மூன்று மாதம் அடுத்த கர்ப்பம் கூடாது. ஊசிக்கு ஒத்துவராத நிலை என்றால் லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழி ஆபரேஷனில்) அந்த டியூபை எடுப்பார்கள். ஒரு டியூப் போனதால் அடுத்த ஐ.வி.எஃப். வாய்ப்பு போய்விடாது.

திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சன்னதிக்குப் போவதற்கு நான் தடை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விளக்கெண்ணெய் பிரசவ வலிக்குத் தடவக் கொடுப்பது. இப்போது வலி வந்தால் அதைத் தடவிவிட்டு உட்கார்ந்திருக்கக்கூடாது.

ஸ்கேன் நல்லபடியாக முடிந்ததும் அந்த ஃபைப்ராய்டு ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள். கட்டியை எடுக்கும்போது கர்ப்பப்பையின் உள்ளறை வரை திறந்தார்களா என்பது அதில் இருக்கும். திறந்திருந்தால் பிரசவ வலி வருவதற்கு முன்பே, பெரும்பாலும் 37 வாரம் ஒட்டி, சிசேரியன் செய்யச் சொல்வார்கள். சீட்டு கிடைக்கவில்லை என்றால் ஆபரேஷன் செய்த இடத்தில் நகல் கேட்டு வாங்குங்கள். எட்டாம் மாதம் வரை விட்டுவிட வேண்டாம்.