டர்ஹாமில் காவி நிறத்தில் ஓடும் ஓடை

இங்கிலாந்தின் டர்ஹாம் மாவட்டத்தில் வாங்கவிருக்கும் வீட்டின் பின்னுள்ள ஓடை காவி நிறமாக ஓடுவதற்கும், எப்போதோ மூடிய நிலக்கரிச் சுரங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருக்கிறீர்கள். தொடர்பு இருக்கவே வாய்ப்பு அதிகம். அம்மாவட்டத்தின் ஈசிங்டன் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. இத்தகைய சுரங்கங்களில் நீர் இறைப்பது நின்றதும் நிலத்தடி நீர் பழைய மட்டத்தை நோக்கி ஏறத் தொடங்கும், வெற்றிடங்கள் நிரம்பப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். காற்றுப் பட்டுக் கிடந்த பைரைட் என்னும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமத்திலிருந்து உருவான உப்புகளை அந்நீர் கரைத்துக்கொண்டு வெளிவர, அதிலுள்ள இரும்பு ஓடைக் கற்களின் மேல் விரலில் ஒட்டும் சேறாகப் படிகிறது. பார்வைக்கு அருவருப்பூட்டும் இந்நிறத்தைவிட நான் அஞ்சுவது வாயுவைத்தான்: ஏறும் நீர், ஆக்சிஜன் குறைந்த சுரங்கக் காற்றை வீட்டின் அடித்தளம்வரை தள்ளக்கூடும். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், வழக்குரைஞர் வழியாகச் சுரங்க அறிக்கையைப் பெற்று, பழைய சுரங்க வாய்கள் எங்கெங்கே உள்ளன என்று பாருங்கள்.