இரண்டு புள்ளிகளில் தோற்ற கல்லூரி அணியின் அடுத்த சீசனை எப்படிக் கணிப்பது?

"ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணி பெரிய ஆட்டமொன்றில் ஓரிரு புள்ளிகளில் தோற்றுவிட்டது, இவ்வளவு நெருங்கி வந்தவர்கள் அடுத்த சீசனில் நிச்சயம் வெல்வார்கள் என்று நம்பலாமா?" என்பது கேள்வி. அந்த இரண்டு புள்ளிகளை மட்டும் வைத்து எதையும் நம்ப முடியாது என்பதே என் பதில். இப்படிச் சொல்லக் காரணம், நான் மிகவும் நேசித்த ஓர் அணி: அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரிலுள்ள பட்லர் பல்கலைக்கழக அணி.

2010 ஏப்ரல் 5 அன்று நடந்த அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியத் தொடர் இறுதி ஆட்டத்தில் பட்லர் 61-59 என்ற கணக்கில் டியூக் பல்கலைக்கழக அணியிடம் தோற்றது. ஆட்டம் நடந்த லூகாஸ் ஆயில் அரங்கம் பட்லரின் வளாகத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஏறத்தாழ 4,000 மாணவர்களே படித்த பல்கலைக்கழகம், 33 வயதுப் பயிற்சியாளர் பிராட் ஸ்டீவன்ஸ், தொடர்ந்து 25 வெற்றிகள் என எல்லாம் சேர்ந்து வந்த இரவு அது. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது கோர்டன் ஹேவர்டு எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியேறியது. அதைப் பிடித்த டியூக்கின் பிரையன் சூபெக், 3.6 விநாடிகள் எஞ்சியிருக்கையில் எதிரணியின் விதிமீறலுக்காக (ஃபவுல்) கிடைத்த, தலா ஒரு புள்ளி தரும் இரண்டு தடையற்ற எறிதல்களில் (ஃப்ரீ த்ரோ) முதலாவதைப் போட்டுவிட்டு, பயிற்சியாளர் சொன்னபடி இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிட்டார். அந்தப் பந்தைக் கைப்பற்றி ஓடிய ஹேவர்டு, சக வீரர் மேட் ஹோவர்டு எதிரணி வீரரை மறித்து நின்று வைத்த ஸ்கிரீனைக் கடந்து, நடுக்கோட்டருகிலிருந்து எறிந்த பந்து வளையத்துக்குப் பின்னுள்ள பலகையில் (பேக்போர்டு) பட்டு, வளையத்தைத் தொட்டு, வெளியே விழுந்தது. அந்த விநாடிகளை எத்தனையோ முறை திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பந்து உள்ளே போய்விடும் என்றே தோன்றுகிறது.

ஆனால் இந்தத் தோல்வியைத் துரதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள், அதே தொடரில் பட்லர் மர்ரே ஸ்டேட் அணியை 54-52 என்றும், அரையிறுதியில் மிச்சிகன் ஸ்டேட் அணியை 52-50 என்றும் வென்றதை நினைவில் கொள்வதில்லை. இரண்டு புள்ளி வெற்றியைத் திறமை என்றும் இரண்டு புள்ளித் தோல்வியை விதி என்றும் கணக்கெழுதுவது நியாயமில்லை. ஒரு பந்தில் முடியும் ஆட்டங்களின் முடிவு வருடத்துக்கு வருடம் மாறக்கூடியது. அதைவிட, ஓர் அணி சீசன் முழுவதும் எதிரணிகளை எவ்வளவு வித்தியாசத்தில் விஞ்சியது என்பதே நம்பத்தக்க அளவுகோல். 2010 பட்லரின் உண்மையான பலம் கடைசி எறிதலில் இல்லை, தடுப்பாட்டத்தில் இருந்தது. இறுதிக்கு முந்தைய ஐந்து ஆட்டங்களிலும் எந்த எதிரணியையும் 60 புள்ளிகளை எட்ட அவர்கள் விடவில்லை.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது யார் திரும்பி வருகிறார்கள் என்பது. ஹேவர்டு அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவுக்குச் சென்றார். புதிய வீரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் தேர்வில் யூட்டா ஜாஸ் அணி அவரை ஒன்பதாவதாகத் தேர்ந்தெடுத்தது. வில்லி வீஸ்லி படிப்பை முடித்துவிட்டார். ஹோவர்டு, ஷெல்வின் மேக், ரொனால்டு நோர்டு ஆகியோர் தங்கினர். ஸ்டீவன்ஸும் நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அங்கேயே இருந்தார். இவ்வளவு இருந்தும் 2011 பிப்ரவரி தொடக்கத்தில் யங்ஸ்டவுன் ஸ்டேட் அணியிடம் தோற்றபோது அது தொடர்ச்சியான மூன்றாவது தோல்வி; கணக்கு 14 வெற்றி, 9 தோல்வி. அன்றைக்கு யாரேனும் கேட்டிருந்தால், இந்த ஆண்டு அவ்வளவுதான் என்றே நானும் சொல்லியிருப்பேன்.

அதன்பின் பட்லர் 14 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது. ஓல்டு டொமினியனை 60-58 என்று வென்றபோது ஹோவர்டு கடைசி நொடியில் பந்தைத் தட்டிப் போட்டார். பிட்ஸ்பர்க்குடனான ஆட்டமோ முந்தைய ஆண்டின் மறுபிம்பம்: எதிரணி தவறவிட்ட ஃப்ரீ த்ரோவை ஹோவர்டு கைப்பற்ற, ஒரு விநாடிகூட மீதமில்லாத நேரத்தில் அவர் மீது ஃபவுல் செய்யப்பட்டது, அவர் போட்ட ஒரு புள்ளியில் பட்லர் 71-70 என்று தப்பியது. ஓராண்டுக்கு முன் கைகொடுக்காத அதே வகைப் பந்து இப்போது கைகொடுத்தது. மீண்டும் எட்டிய தேசிய இறுதி ஆட்டத்தில் கனெக்டிகட்டிடம் 53-41 என்று தோற்றார்கள். 64 எறிதல்களில் 12 மட்டுமே உள்ளே சென்றன. முந்தைய ஆண்டு இரண்டு புள்ளியில் நழுவிய கோப்பை, இம்முறை அருகில்கூட வரவில்லை.

எதிர்மாறான உதாரணமும் உண்டு. 2016 இறுதி ஆட்டத்தில் வில்லனோவாவிடம் கடைசி எறிதலில் 77-74 என்று தோற்ற வட கரோலினா, மறு ஆண்டு கொன்சாகாவை 71-65 என்று வென்று கோப்பையை எடுத்தது. மார்கஸ் பெய்ஜும் பிரைஸ் ஜான்சனும் போன பிறகும் ஜோயல் பெரி, ஜஸ்டின் ஜாக்சன், கென்னடி மீக்ஸ் ஆகிய மூவரும் அனுபவமுள்ள வீரர்களாகத் திரும்பியதே இதில் பெரும் பங்கு வகித்தது என்பது என் கருத்து.

இன்றைய நிலையில் இக்கணிப்பு இன்னும் கடினம். 2021 முதல், வீரர்கள் ஓராண்டு காத்திருக்காமலே வேறு கல்லூரிக்கு மாறி உடனே ஆடலாம் என்றாகிவிட்டது. எனவே உங்கள் அணி தோற்ற அந்த இரவில் அடுத்த சீசனைப் பற்றி எதுவும் முடிவு செய்யாதீர்கள். இடமாற்றப் பட்டியலும் என்பிஏ தேர்வுக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலும் முடிவானபின், பந்தைக் கொண்டுசெல்பவரும் கூடைக்கடியில் காப்பவரும் அணியில் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்; பிறகு பயிற்சியாளர் இருக்கிறாரா என்று பாருங்கள்.