சாரத்தடி கேள்வி பதில்: இருபது வருஷம் கட்டியாச்சு, இனி என்ன படிக்கிறது?

போன மாதம் சென்ட்ரிங் (காங்கிரீட் இறுகும் வரை தாங்கும் பலகையும் முட்டும்) பிரிக்கும் நாள் கணக்கை எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிப் பேர் வேறொன்றைக் கேட்கிறார்கள்: "இதெல்லாம் எங்கே போய்ப் படிப்பது?" சரி, இந்த மாதம் அதற்கே. புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: கலவை சுமக்கும் கையாளாகத் தொடங்கி, சிங்கப்பூரில் ஏழு வருஷம் கம்பி கட்டி, 1998-ல் திருச்சிக்குத் திரும்பி வந்து வீடு கட்டிக் கொடுக்கிறவன் நான். படிப்பு ஒன்பதாவது.

22 வருஷம் மேஸ்திரி, இப்போது சொந்தமாக ஒப்பந்தம் எடுக்கிறேன். எட்டாவது வரைதான் படிப்பு, வயது 45. வீட்டுக்காரர்கள் கூட்டி வரும் சின்னப் பையன்கள் "ஐஎஸ் கோடு என்ன சொல்லுது தெரியுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்கிறார்கள். இந்த வயதில் நான் எதைப் படிப்பது?
– கே.எம்., மணப்பாறை

அந்தப் பையன் மேல் கோபப்படாதீர்கள் தம்பி. ஐஎஸ் கோடு என்பது கட்டட வேலைக்கான இந்தியத் தர விதி. அவன் கேட்பது சரியான கேள்வி, கேட்கிற இடம்தான் தப்பு. எனக்கும் 44 வயதில் இது நடந்தது. ஊரில் பொறியாளர் சங்கத்தார் ஒப்பந்தக்காரர்களுக்குப் பத்து வாரம் சனிக்கிழமை வகுப்பு நடத்தினார்கள். வீம்புக்குத்தான் போனேன், "இவங்க என்ன எனக்குச் சொல்லித் தரப்போறாங்க" என்று.

இரண்டாவது வாரம் வாத்தியார் எல்லோர் கையிலும் மூன்று இரும்பு அச்சுகளைக் கொடுத்தார். 150 மில்லிமீட்டர் கனசதுரக் கட்டி அச்சு. "நீங்க தளம் போடும்போது உங்க கலவையையே இதுல நிரப்பிக் கொண்டாங்க" என்றார். உறையூரில் அப்போது ஒரு வீட்டுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தேன். நிரப்பிக் கொடுத்தேன். அதே சிமென்ட், அதே ஜல்லி, அதே மணலை அவரும் ஒரு சாக்கில் வாங்கிப் போய், தண்ணீரை அளந்து ஊற்றி மூன்று கட்டி போட்டார். ஆறு கட்டியும் பாலிடெக்னிக் ஆய்வகத் தொட்டியில் 28 நாள் கிடந்தன.

உடைக்கிற அன்று இயந்திரத்தின் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எம்20 காங்கிரீட் (28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்கும் தரம்) என்றால் அந்தக் கட்டி 450 கிலோநியூட்டன் தாங்க வேண்டும், நம் கணக்கில் 46 டன் சுமை. வாத்தியார் கட்டி 520 வரை போய் 'டப்' என்றது. என்னுடையது 290-லேயே பொரிந்து உதிர்ந்தது. அடுத்த இரண்டும் அப்படித்தான். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "மூட்டைக்கு எத்தனை லிட்டர் தண்ணி ஊத்துனீங்க?" பதினோரு வருஷமாக ஒப்பந்தம் எடுக்கிறவன், எனக்குப் பதில் தெரியவில்லை. சட்டி தூக்குகிற பையன் "இறுகலா இருக்கு அண்ணே" என்றால் ஒரு வாளி, வேலை மெதுவாகப் போனால் இன்னொரு வாளி. அதுதான் என் கணக்கு.

அந்த உறையூர் வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆயிற்று. பொறியாளரை வைத்துத் தளத்தைச் சோதித்தோம். மேல்மாடி எடுக்கும் எண்ணத்தை அவர் விட்டார், என் கூலியில் ஒரு பங்கை நான் விட்டேன். அந்த வகுப்புக்கு நான் கட்டிய உண்மையான பீஸ் அதுதான்.

ஆக, முழு ஐஎஸ் 456-ஐயும் நீங்கள் படிக்க வேண்டாம். காங்கிரீட்டுக்கான கோடு அது, 2000-ல் வந்த புத்தகம், நூறு பக்கம், கடினமான இங்கிலீஷ். அதிலிருந்து உங்கள் சைட்டுக்கு வேண்டியதை ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். சைட்டில் அளந்து கலக்கும் எம்20-க்கு 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீர்தான் உச்சம், மணலில் இருக்கும் ஈரமும் அதற்குள் அடக்கம். கம்பிக்கு வெளியே காங்கிரீட் கவர் அஸ்திவாரத்துக்கு 50 மில்லிமீட்டர், தூணுக்கு 40, தளத்துக்கு 20-க்குக் குறையாமல். நனைப்பது சாதா சிமென்டுக்கு 7 நாள், இப்போது எல்லோரும் வாங்குகிற பிபிசி எனும் சாம்பல் கலந்த சிமென்டுக்கு 10 நாள், கொளுத்தும் வெயிலில் 14. சோதனைக் கட்டி போடுவது, காங்கிரீட் 5 கன மீட்டர் வரை ஒரு சாம்பிள், 15 வரை இரண்டு, 30 வரை மூன்று. ஒரு சாம்பிளுக்கு மூன்று கட்டி. கோடு புத்தகங்களை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு இலவசமாகவே இறக்கலாம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

அப்புறம் ஒரு 20 லிட்டர் பெயின்ட் வாளி வாங்கி, உள்ளே 10 லிட்டரில் ஒரு கோடு போடுங்கள். மிக்சர் பக்கத்தில் அந்த வாளியைத் தவிர வேறு வாளி இருக்கக் கூடாது. அடுத்த தடவை அந்தப் பையன் கோடு கேட்டால் வாளியைக் காட்டுங்கள்.

மூன்று நாள் வகுப்பு, ஒரு பனியன், ஒரு குரூப் போட்டோ, ஒரு சான்றிதழ். என் ஆட்கள் பன்னிரண்டு பேர் வாங்கி வந்தார்கள். இதனால் ஏதாவது பிரயோஜனம் உண்டா?
– ஆர்.எஸ்., பெரம்பலூர்

அது பெரும்பாலும் முன்பே தெரிந்த வேலைக்கு அங்கீகாரம் கொடுக்கிற திட்டமாக இருக்கும், ஆர்பிஎல் என்பார்கள். பிரதமரின் கௌஷல் விகாஸ் யோஜனாவுக்குள் வருவது. அதன் நோக்கமே கற்றுக்கொடுப்பதில்லை, தெரிந்ததைச் சோதித்துத் தாள் கொடுப்பது. பெரிய கம்பெனி வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போகிற ஆளுக்கு அந்தத் தாள் உதவும். உங்கள் சைட்டில் நாளைக்கே சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்குமா என்றால், நிற்காது. சோதிக்காமலே தாள் கொடுத்த இடத்தையும் பார்த்திருக்கிறேன், பேர் சொல்ல மாட்டேன்.

சிங்கப்பூர் சமாசாரம் வேறு. என் அக்கா மகன் அங்கே போவதற்காகக் கம்பி கட்டும் தேர்வை இங்கே தமிழ்நாட்டிலேயே எழுதினான். எழுதினான் என்பது பேச்சுக்கு. வரைபடத்தைக் கொடுத்து, கம்பியைக் கொடுத்து, நேரம் வைத்துக் கட்டச் சொல்வார்கள். முதல் தடவை தோற்றான். இடைவெளி தப்பு. இரண்டாம் தடவைதான் தேறினான். அங்கே முதலாளி அரசாங்கத்துக்கு ஒவ்வொரு வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் மாதாமாதம் லெவி என்ற கட்டணம் கட்ட வேண்டும். தேர்ச்சி கூடிய ஆள் என்று பதிவானால் லெவி குறையும். அதனால் முதலாளியே தன் காசு போட்டு ஆளை அடுத்த தேர்வுக்கு அனுப்புகிறான். இங்கே நல்ல கொத்தனாருக்கும் சுமாரான கொத்தனாருக்கும் ஒரே நாள் கூலி. பிறகு எவன் அக்கறையாகப் போய்ப் படிப்பான்?

சின்ன வயசுப் பையன்கள் இருந்தால் காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி நடத்தும் கட்டுமானப் பயிற்சி நிலையம் மாதிரியான இடத்துக்கு அனுப்புங்கள். அங்கே தங்கிக் கைவேலையாகவே கற்கலாம்.

மாப்பிள்ளை அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் கட்டட ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிறார். அங்கே ஒப்பந்தக்காரரே வகுப்புக்குப் போகாவிட்டால் லைசென்ஸ் போய்விடுமாம். இங்கே அப்படி உண்டா?
– வாசகி, ஸ்ரீரங்கம்

அங்கே இரண்டு வருஷத்துக்கு 14 மணி நேர வகுப்பு கட்டாயம். பாதுகாப்பு, தொழிலாளி இழப்பீடு, தொழில் நடத்துவது, சட்டம் என்று பாடம் பிரித்து வைத்திருக்கிறார்கள். புயல் அடிக்கிற ஊர் என்பதால் காற்றைத் தாங்கும் கட்டுமானமும் பாடம்.

இங்கே பொதுப்பணித் துறை வேலை எடுக்கப் பதிவு வேண்டும், வகுப்பு வாரியாக. அந்த 'வகுப்பு' பண வரம்பைக் குறிப்பதம்மா, பாடத்தை இல்லை. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர் என்று பலரைப் பதிவு செய்யச் சொல்கின்றன. தனி வீட்டைக் கட்டுகிற மேஸ்திரியை யாரும் எதுவும் கேட்பதில்லை. 2014 ஜூன் 28-ல் மௌலிவாக்கத்தில் 11 மாடி இடிந்து 61 பேர் போனார்கள். அதற்குப் பிறகும் கட்டுகிறவன் படித்தானா என்ற கேள்வியை வீட்டுக்காரர்தான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கணவர் ஒப்பந்தக்காரர், கணக்கெல்லாம் நான்தான். பி.காம். முடித்திருக்கிறேன். சைட் விஷயம் ஒன்றும் புரிவதில்லை. எனக்கு என்ன பயிற்சி தேவை?
– வாசகி, கரூர்

இந்த மாதக் கடிதங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது உங்களுடையது. நம் தொழிலில் நஷ்டம் பாதி எழுதாமல் விட்டதால் வருவது. வரவு செலவு உங்களுக்கு வரும். அளவு எடுப்பதை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள், அதை அவரிடமே கற்கலாம்.

கம்பியில் தொடங்குங்கள். கம்பியின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 எம்எம் என்றால் 144-ஐ 162-ஆல் வகுக்க 0.888 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.66 கிலோ. லோடு வந்ததும் எண்ணிக்கையை இதோடு பெருக்கி, எடைச்சீட்டோடு ஒட்டிப் பாருங்கள். 12, 16 எம்எம் கம்பிக்கு 5 சதவீதம் வரை கூடக்குறைய விதியே அனுமதிக்கிறது, அதற்கு மேல் போனால் கேளுங்கள். என் வீட்டில் மனைவி இதை ஆரம்பித்த வருஷம், கம்பிக் கடைக்காரர் என்னைப் பார்த்தாலே "அம்மா வரலியா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

வரி விஷயத்தில் ஒன்று. தனி வீட்டுக்கு வெறும் லேபர் கான்ட்ராக்ட் என்றால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பொருளும் சேர்த்து எடுத்தால் கதை மாறும். எனவே ஒப்பந்தத் தாளில் எது என்று தெளிவாக எழுதி வாங்குங்கள், பதிவு தேவையா என்று ஆடிட்டரிடம் ஒரு தடவை உட்காருங்கள். ஆட்களைக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிய வைப்பதையும் உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பளைங்க "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றே காலத்தை ஓட்டிவிடுவோம்.

சிவில் முடித்துவிட்டு அப்பாவுடன் சேர்ந்திருக்கிறேன். எதைச் சொன்னாலும் "நான் பார்க்காத வேலையா" என்கிறார். எப்படிக் கற்றுக்கொடுப்பது?
– பெயர் வேண்டாம், நாமக்கல்

ஆட்கள் முன்னால் சொல்லாதே. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சொல். அதற்கு முன் ஒரு மாதம் அவரிடம் செங்கல் அடுக்கக் கற்றுக்கொள்.

கற்றுக்கொடுத்தால் ஓடிவிடுகிறார்கள். இப்போது என்னிடம் ஒடிசா, பீகார் பையன்கள். பாஷையும் தெரியாது. எதற்கு மெனக்கெட வேண்டும்?
– எஸ்.பி., துவாக்குடி

என்னிடமிருந்தும் ஓடியிருக்கிறார்கள். ஒருவன் இப்போது என் தெருவிலேயே எனக்குப் போட்டி. இன்னொருவன் சென்ட்ரிங் எடுத்துச் செய்கிறான், அவனைத்தான் நான் கூப்பிடுகிறேன், ஏனென்றால் எனக்கு என்ன வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். நான் வரைபடம் பார்க்கத் தெரிந்த ஆளுக்கு நாளைக்கு 100 ரூபாய் கூடக் கொடுக்க ஆரம்பித்த பிறகு ஓட்டம் குறைந்தது. நீங்களும் கூலியில் வித்தியாசம் காட்டிப் பாருங்கள்.

பாஷை ஒரு தடையே இல்லை. தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்தான் ரிங். அதன் முனையை 135 டிகிரிக்கு உள்ளே மடக்க வேண்டும், மடக்கிய பிறகு மிஞ்சும் வால் 65 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்று நிலநடுக்கத்துக்கான ஐஎஸ் 13920 சொல்கிறது. பையன்கள் 90-லேயே மடக்கிவிட்டுப் போவார்கள், சீக்கிரம் முடியும் என்று. நான் தமிழில் கத்தினேன், அவர்கள் தலையாட்டினார்கள், மறுநாளும் 90. ஒரு நாள் காலை வேலை தொடங்கும் முன் இரண்டு ரிங் எடுத்துக்கொண்டேன், ஒன்று அவர்கள் மடக்கியது, ஒன்று நான் மடக்கியது. சின்ன பாட்டில் ஜாக்கி ஒன்றை ரிங்குக்குள் நிறுத்தி, ஒரு பையனையே அடிக்கச் சொன்னேன். அவர்கள் ரிங் நாலாவது அடியில் வாயைப் பிளந்தது. என்னுடையதில் அவன் மூச்சு வாங்கும் வரை அடித்தான். ரிங் வளைந்ததே தவிர முனை கழன்று வரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றைக்குக் கட்டி வைத்திருந்த இரண்டு தூணை அவர்களே பிரித்து மறுபடி கட்டினார்கள், நான் சொல்லாமலே.

யூடியூப் பார்த்துக் கற்கலாமா?
– ஜே., லால்குடி

பார்க்கலாம். டைல்ஸ், வாட்டர்புரூஃபிங் வீடியோக்களில் பாதி அந்தப் பொருளை விற்பவர் போட்டது என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

உங்களுக்கு இன்னும் வராத வேலை எது?
– எம்.ஏ., தஞ்சாவூர்

எக்செல். மகள்தான் சொல்லித் தருகிறாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் அவள் பொறுமை இருக்கிற வரை. கூட்டல் வந்துவிட்டது. போன வாரம் ஒரு வீட்டின் கம்பிக் கணக்கைப் போட்டால் நான் மனக்கணக்காக வைத்திருந்ததைவிட ஒன்றேகால் டன் குறைவாகக் காட்டியது. எனக்கு ஒரே சந்தோஷம், இத்தனை வருஷம் கூடுதலாக வாங்கிக்கொண்டிருந்தோம் போல என்று. இரண்டு ராத்திரி உட்கார்ந்த பிறகு மகள் கண்டுபிடித்தாள்: 16 எம்எம் வரிசையை மொத்தத்தில் நான் சேர்க்கவே இல்லை.